சார் சொன்னா ஆடுதேன்

கொஞ்சம் அந்தப் பக்கம் ஒட்டி உக்காருங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, இந்தக் கால மடக்கினா அப்புறம் நீட்டறது பேஜாரு. ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காலு போற வழி இருந்தா போதும்.

இந்த பஸ்சு தூத்தூர் போய்ச் சேர இன்னும் எவ்ளோ நேரமாவும்? அவ்ளோ நேரமா. ஆவட்டும். ராத்திரி பூரா ரயில்ல வந்தவனுக்கு இது ஒரு தூரமா.

பையில இருக்கிற காளைப் படத்தத் தானே பாக்கறீங்க? நொய்யல் யுனைடெட். கோயமுத்தூர் டீமு. உங்க மாவட்டத்துல எல்லாரும் கால்பந்து பாக்கறவங்களாச்சே, கேள்விப்பட்டிருப்பீங்க. போன சீசன் பாதியில இருந்து கடைசி வரைக்கும் அதுக்கு கோச்சு நான் தான். லோகநாதன். பெரம்பூரு. மாஸ்டர்னு தான் கூப்புடுவாங்க.

ஆமா சார், அதே டீமு தான். கடைசி மேட்சுல தப்பிச்சுதே, அதே தான். தப்பிக்க வச்சதே நான் தான். அதுக்கு எனக்குக் கெடச்சது இன்னான்னு கேளுங்க.

எனக்கு முன்னாடி ஒரு போர்ச்சுகல்காரரு இருந்தாரு. நல்ல மனுசன் தான்னு சொல்றாங்க. பசங்களோட கேரம் ஆடுவாராம். கேரம் ஆடினா கோல் வருமா? டீமு பட்டியல்ல கடைசிக்குப் போயிடுச்சு, அவரு மூட்டையக் கட்டிட்டாரு. கடைசியா வர்ற டீமு கீழ்ப் பிரிவுக்கு எறங்கணும். எறங்கிட்டா விளம்பரம் குடுக்கறவன் ஓடிடுவான், ஓனரு டீமையே இழுத்து மூடிடுவாரு. அத்தன பேரு பொழப்பு போச்சு. ஓனரு பேரு செங்கோட்டுவேல், பம்ப்செட் கம்பெனி வச்சிருக்காரு. அவரு தான் போன்ல கூப்புட்டாரு. "ஏனுங்க மாஸ்டர், டீமு முழுகிட்டு இருக்குதுங்க. வந்து கரையேத்திக் குடுங்க"ன்னாரு. அன்னிக்கே வண்டி ஏறிட்டேன். ஒரு டீமு முழுகுதுன்னா உக்காந்து யோசிக்கலாமா சார்.

மொத நாள் போறேன், மத்தியான சாப்பாட்டு நேரம். அந்த ஹால்ல ஒரே சிரிப்பு. ஒருத்தன் இன்னொருத்தன் தட்டுல இருந்து கறிய எடுக்கறான், அவன் தொரத்தறான். கடைசி எடத்துல இருக்கற டீமு சார், சிரிச்சிக்கினு சாப்புடுது. எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு. அன்னிக்கே சட்டத்தப் போட்டேன். சாப்புடறப்ப பேச்சு கெடையாது. போன எங்கிட்ட குடுத்துடணும். லேட்டா வந்தா கேட்டுக்கு வெளிய நிக்கணும், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும். ஒரு வாரத்துல அந்த ஹால்ல ஸ்பூன் சத்தம் தவிர ஒண்ணும் கேக்கல. ஓனரு ஒரு நாள் வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க மாஸ்டர், எழவு வீடு மாதிரி இருக்குதுங்களே"ன்னாரு. ஒழுக்கம் சார் அது. பம்ப்செட் விக்கறவருக்கு எப்பிடிப் புரியும்.

கேப்டன் ஒருத்தன் இருந்தான், இம்தியாஸ். ஆம்பூர்காரன். டிஃபென்ஸ்ல நின்னான்னா செவுரு மாதிரி. ஆட்டத்துல கொற சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி. "மாஸ்டர், நேத்து தானே மேட்ச் ஆடினோம், இன்னிக்கு மேட்டு ஓட்டம் வேணாமே, பசங்க காலு தாங்காது"ன்னு எல்லாரு எதிர்லயும் கேட்டான். நான் திட்டல. கத்தல. அடுத்த மேட்சுக்கு அவன பெஞ்சுல உக்கார வச்சேன், அவ்ளோ தான். அந்த மேட்ச ஜெயிச்சோம். அதுக்கப்புறம் ஒருத்தனும் என்னக் கேள்வி கேட்டதில்ல சார். வாயே தொறக்க மாட்டானுங்க. அவ்ளோ மரியாத.

இப்ப நான் பாக்கப் போற பையனும் அந்த டீமு தான். ஜெனிஷ். தூத்தூர்ப் பையன், அவங்க அப்பா கடலுக்குப் போறவரு. தெரியுமா உங்களுக்கு? நீங்க புதுக்கடை ஊரா, சரி சரி. பேரு காதுல விழுந்திருக்கும்.

அவன நான் தான் சார் கண்டுபிடிச்சேன். போர்ச்சுகல்காரரு அவன ஓரத்துல ஓட விட்டிருந்தாரு. ஓடறதத் தவிர அவனுக்கு அங்க வேலயில்ல. நான் ஒரு நாள் சும்மா பாத்துக்கினே இருக்கேன், ஒரு பந்து மேல வருது, இவன் குதிக்கறான். குதிச்சவன் மேலயே நிக்கறான் சார். மத்தவனுங்க எறங்கிட்டானுங்க, இவன் இன்னும் அங்கயே இருக்கான். அன்னிக்கே நடுவுல கொண்டாந்து ஃபார்வர்டா போட்டேன். கோலா வந்து கொட்டுச்சு. ஊரே அவன் பேரச் சொல்லுது. டீமு கடைசியில இருந்து மேல ஏறி, கடைசிக்கு முந்தின எடத்துக்கும் கடைசிக்குமா ஊசலாடிக்கினு இருந்துச்சு.

அமைதியான பையன். நாலு வார்த்த சேந்தாப்ல பேச மாட்டான். நான் சொன்னா தலையாட்டுவான். நிக்கச் சொன்னா நிப்பான், ஓடச் சொன்னா ஓடுவான். எனக்குப் புள்ள இல்ல சார். இருந்திருந்தா இப்பிடித் தான் இருந்திருப்பான்னு நெனச்சுக்குவேன்.

அப்ப அவன் பொண்டாட்டி முழுகாம இருந்துச்சு, இங்க அவங்க அம்மா வீட்ல. ஒரு தடவ லீவு கேட்டான், வளைகாப்புக்கோ இன்னாத்துக்கோ. சீசன் நடக்குது, லீவு எப்பிடிக் குடுக்கறது? முடியாதுன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்.

கடைசி ரெண்டு மேட்ச் பாக்கி. ப்ராக்டீஸ்ல குதிச்சுட்டு எறங்கறான், முட்டி உள் பக்கமா மடங்கிடுச்சு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு சார். காஞ்ச குச்சிய ஈரத் துணியில சுத்தி ஒடச்சா எப்பிடி இருக்கும், அது மாதிரி. கற்பகம்னு ஒரு பொண்ணு, டீமுக்கு பிசியோ, மதுரப் பக்கம். அது ஓடிப் போயி அவன் கால மடியில தூக்கி வச்சுக்கிச்சு. ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள இருக்கற தசநார் பாதி அறுந்திருக்காம். "மூணு மாசம் பந்து பக்கமே போகக் கூடாது சார். பாதி அறுந்தத சரி பண்ணிரலாம். முழுசா அறுந்தா அந்தக் கால் பழைய காலா இருக்காது"ன்னுச்சு.

சரின்னு அந்த மேட்சு அவன உக்கார வச்சேன். தோத்தோம். நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல சார், உக்கார வச்சேன்ல. ஆனா தோத்ததுக்கப்புறம் கணக்கு இன்னான்னா, கடைசி மேட்சு ஜெயிச்சே ஆவணும். எதிர்ல வர்றவனும் நம்ம மாதிரியே தொங்கிக்கினு இருக்கறவன், ஆனா அவனுக்கு டிரா போதும். டிரா ஆனா அவன் பொழச்சான், நாம எறங்கினோம்.

மேட்ச் அன்னிக்குக் காலைல, என் ரூம்ல பேசினோம். ஓனரு, நான், இம்தியாஸ், அந்தக் கற்பகம், ஜெனிஷ். அவன் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தான், கால நீட்டிக்கினு. ஓனரு கைக்குட்டைல கழுத்தத் தொடச்சுக்கினே இருக்காரு. ஏசி ஓடுது, அவருக்கு வேர்க்குது.

இம்தியாஸ் தான் ஆரம்பிச்சான். "மாஸ்டர், இவன் இல்லாம ஆடலாம். கார்னர் வந்தா நான் முன்னாடி போறேன். பசங்க கிட்டப் பேசிட்டேன், எல்லாரும் ஒத்துக்கினாங்க"ன்னான். பசங்க கிட்டப் பேசிட்டானாம். கோச்சு நானா அவனா? எனக்கு சுருக்குனு ஆச்சு. காட்டிக்கல.

ஜெனிஷப் பாத்துக் கேட்டேன். கட்டாயம்லாம் படுத்தல சார், நல்லா கேட்டுக்கங்க, நான் யாரையும் கட்டாயப்படுத்தறவன் இல்ல. "ஜெனிஷு, இத்தன பேரோட சோறு உன் காலுல இருக்கு. ஆடறியா?"ன்னு தான் கேட்டேன். அவன் தரையப் பாத்தான். இம்தியாஸப் பாத்தான். அப்புறம் என்னப் பாத்து, "சார் சொன்னா ஆடுதேன்"ன்னான்.

போதும்ல? ஒரு ஆட்டக்காரன் வேற எப்பிடிச் சொல்வான்? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்தப் பொண்ணு இருக்கே, அது எழுந்து நின்னுச்சு. "சார், அவரு ஆடுறேன்னு சொல்லல. நீங்க சொன்னா ஆடுறேன்னு சொன்னாரு"ன்னுச்சு. நானும் இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்கறேன் சார். ரெண்டும் ஒண்ணு தானே?

"அப்ப நான் சொல்றேன்"னேன். "நீ ஆடு."

"நான் அவருக்கு ஊசி போட மாட்டேன், போடுறதுக்குப் பக்கத்துல நிக்கவும் மாட்டேன்"னுட்டு அந்தப் பொண்ணு வெளிய போயிடுச்சு. வெளிய இருந்து ஒரு டாக்டரக் கூட்டியாந்து, வலி தெரியாம இருக்க முட்டில போட்டோம். ஊசி எறங்கறப்ப ஜெனிஷ் என் கையப் புடிச்சிருந்தான். நான் தான் புடிக்கச் சொன்னேன்.

நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க. சார், நானும் ஆடினவன். ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆடினேன், இருபத்தாறு வயசு. ஃபைனல் அன்னிக்கு முட்டி தேங்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. எங்க கோச்சு இதே மாதிரி ஊசி போட்டு எறக்கினாரு. ஜெயிச்சோம். கப்போட நான் நிக்கற படம் இன்னும் வீட்ல மாட்டியிருக்கு. எனக்கு இன்னா ஆயிடுச்சு? இதோ உங்க பக்கத்துல தானே உக்காந்துக்கினு இருக்கேன். அதுக்கப்புறம் ஆடல, அது வாஸ்தவம். அது வேற. அப்ப வீட்டு நெலம அப்பிடி.

இருங்க, அந்தப் பைய கொஞ்சம் தள்ளிக்கறேன். காலு மரத்துப் போச்சு.

மேட்சு. சார், அந்த மாதிரி ஒரு கூட்டத்த நான் பாத்ததில்ல. கத்தற கூட்டம் இல்ல. பயந்த கூட்டம். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருக்கறாப்ல உக்காந்திருக்கு. அவனுங்க டிராவுக்கு ஆடறானுங்க, பத்துப் பேரும் கோல் எதிர்லயே நிக்கறானுங்க. நாம முட்டறோம், பந்து திரும்பி வருது. முட்டறோம், திரும்பி வருது. பாதி நேரம் முடிஞ்சு உள்ள வந்தானுங்க, ஜெனிஷ் காலுறைய எறக்கல. எறக்கினா மறுபடி ஏத்த முடியாதுன்னு நெனச்சானோ இன்னாவோ. நான் கேக்கல. கேட்டா அவன் மனசு கலையும்.

ரெண்டாவது பாதியில பாதி நேரம் தாண்டிச்சு. அவன் ஓட்டம் கொறஞ்சிடுச்சு. ஒரு காலு ஊன்றான், இன்னொரு கால இழுத்துக்கினு வரான். பெஞ்சு ஆளுங்க ரெண்டு பேரு வெளிய ஒடம்ப சூடு பண்ணிக்கினு தயாரா நிக்கறானுங்க, எனக்கு மாத்து இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. இம்தியாஸ் அங்க இருந்து ரெண்டு கையயும் சுத்திக் காட்டறான், மாத்துங்க மாத்துங்கன்னு. நான் அந்தப் பக்கம் பாக்கல. இவன் யாரு எனக்குச் சொல்றதுக்கு.

ஒரு வாட்டி ஜெனிஷே கையத் தூக்கினான். என்னப் பாத்துத் தூக்கினான். பந்து கேக்கறான்னு நெனச்சேன். பந்து அந்தக் கோடியில இருந்துச்சு, இருந்தாலும் ஆட்டக்காரன் அப்பிடித் தான் சார், எங்க இருந்தாலும் கேப்பான். "நில்லு, வரும்"னு நானும் கையக் காட்டினேன். அவன் கைய எறக்கிட்டான். நின்னான்.

முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கார்னர். இம்தியாஸ் என்னக் கேக்காமலே முன்னாடி வந்துட்டான். வந்து தலையால அடிச்சான். கோல்கீப்பரு தட்டிட்டான். பந்து கீழ விழுந்து உருளுது, கோலுக்கும் அதுக்கும் நடுவுல யாருமில்ல. ஜெனிஷ் பக்கத்துல இருக்கான். நல்ல கால ஊனி கெட்ட காலால அடிச்சா அவ்ளோ வலி இருக்காது. ஆனா பந்து நல்ல காலு பக்கம் விழுந்துடுச்சு. அடிபட்ட காலு மேல மொத்த ஒடம்பயும் நிறுத்தி, நல்ல காலால அடிச்சான் சார். வல ஆடுச்சு.

நான் கோட்டத் தாண்டி ஓடினேன். என்னால ஓட முடியாது, ஓடினேன். அவன் கீழ கெடக்கான், மூஞ்சியப் புல்லுல பொதச்சுக்கினு, தோளு குலுங்குது. நான் மேல விழுந்து கட்டிப் புடிச்சுக்கினேன். "அழுவுடா, நல்லா அழுவு"ன்னேன். நானும் அழுதேன். சந்தோசத்துல ரெண்டு பேரும் அழுவறோம்னு தான் நெனச்சேன். இம்தியாஸ் வந்து என் சட்டயப் புடிச்சு இழுத்து, "மாஸ்டர், கால் மேல இருக்கீங்க"ன்னான்.

ஸ்ட்ரெச்சர்ல தூக்கினு போனாங்க. அந்தப் பொண்ணு கற்பகம் கூடவே ஓடுச்சு. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டிச்சு சார். அவனுக்குத் தான். அந்த மாதிரி ஒரு கைதட்டு எத்தன பேருக்குக் கெடைக்கும் சொல்லுங்க.

அன்னிக்கு ஓனரு வீட்ல விருந்து. நான் போனேன், பசங்க ஒருத்தனும் வரல. எல்லாம் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தானுங்களாம். ஆபரேசன் பண்ணாங்க. நானும் போய்ப் பாத்தேன், பாக்காமயா. ஊர்ல இருந்து அவன் பொண்டாட்டி வந்திருந்துச்சு, அவ்ளோ பெரிய வயித்தோட. கதவு கிட்ட நின்னுக்கினு "அவரு ஒறங்குதாரு"ன்னுச்சு. இன்னொரு நாள் போனேன், "ஒறங்குதாரு." அப்புறமும் போனேன். அந்த ஆஸ்பத்திரியில எப்பப் பாத்தாலும் மயக்க மருந்து குடுத்துடறானுங்க போல.

பத்து நாள் கழிச்சு ஓனரு கூப்புட்டாரு. அடுத்த சீசனுக்குக் கையெழுத்துன்னு நெனச்சுக்கினு நல்ல சட்ட போட்டுக்கினு போனேன். அவரு நேரா என் மூஞ்சியப் பாக்கல. "ஏனுங்க மாஸ்டர், நீங்க பண்ணிக் குடுத்தத நான் மறக்க மாட்டனுங்க. ஆனா பசங்க ஒருத்தரும் உங்ககூட ஆட மாட்டேங்கறாங்க"ன்னாரு. "ஏன்?"ன்னேன். "அது உங்களுக்கே தெரியாதுங்களா?"ன்னாரு. எனக்குத் தெரியல சார். கோவத்துல சொல்லல, நெசமாவே தெரியல. அந்த இம்தியாஸோட வேல தான், வேற இன்னா. கெளம்பறப்ப எல்லாருக்கும் கை குடுத்தேன். அவன் மட்டும் ரெண்டு கையயும் பின்னாடி கட்டிக்கினான். காப்பாத்தினவன் கைய எவனாவது தட்டுவானா சார்.

ஜெனிஷயும் டீமு விட்டுடுச்சு. ஆட முடியாதவன எப்பிடி வச்சுக்கறதுன்னு விட்டுட்டாங்க. பாத்தீங்களா அவங்க ஈரத்த. நான் விட மாட்டேன். அதுக்குத் தான் இப்ப வர்றேன். பாண்டிச்சேரியில புதுசா ஒரு டீமு ஆரம்பிக்கறாங்க, என்னத் தான் கோச்சா போட்டிருக்காங்க. மொத ஆளு யாரு வேணும்னு கேட்டாங்க. யோசிக்கவே இல்ல. ஜெனிஷ்னேன். ஒரு வருசம் ஆவப் போவுது, முட்டி சேந்திருக்கும். எறங்கி நேரா வீட்டுக்குப் போயி, "கெளம்புடா"ன்னு சொல்லப் போறேன். என்னப் பாத்தா ஓடி வந்துடுவான்.

இல்ல, அவனுக்குச் சொல்லல. அவன் போனு எனக்குப் போவ மாட்டேங்குது. எப்ப அடிச்சாலும் பிஸின்னு வருது. கடற்கரையில சிக்னல் கெடைக்காதோ இன்னாவோ.

உங்க போனக் கொஞ்சம் குடுக்கறீங்களா சார்? ஒரே நிமிசம். வீட்ல இருக்கானான்னு தெரிஞ்சுக்கினா போதும்.

போவுது சார். ரிங் போவுது.

ஹலோ. ஜெனிஷ் வீடா? நீ அவன் சம்சாரம் தானே? நான் லோகநாதன் மாஸ்டர் பேசறேன்மா. ஹலோ. இருக்கியாம்மா? ஆங். அவன் இருக்கானா? உங்க ஊருக்குத் தான் வந்துக்கினு இருக்கேன். இன்னாம்மா? சரி. சரிம்மா. எவ்ளோ நேரம் ஆவும்? ஹலோ. ஹலோ.

வச்சிடுச்சு. கொழந்த அழுவுற சத்தம் கேட்டுச்சு, அதான் வச்சிடுச்சு. இந்தாங்க உங்க போனு.

படி ஏறுறானாம் சார். "அவரு படி ஏறிட்டு நிக்காரு. ஏறி முடிக்க நேரமாவும், இப்பம் பேச முடியாது"ன்னுச்சு. நான் இன்னா சொன்னேன் உங்க கிட்ட? முட்டி சேந்திருக்கும்னேன்ல. படி ஏறுறது தான் சார் முட்டிக்கு மொதப் பயிற்சி. ஸ்டேடியத்துல நான் தான் அவனுங்கள ஏற விடுவேன், மேல வரைக்கும், எறங்கி மறுபடி மேல வரைக்கும். வீட்ல இருந்துக்கினே பண்றான் பாருங்க.

புதுக்கடை வந்துடுச்சா? எறங்கணுமா நீங்க? இருங்க, கால மடக்கறேன், கொஞ்சம் இருங்க. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார். இந்தக் கடற்கரைப் பக்கம் வீடுங்களுக்கு எத்தன படி இருக்கும்?

மூணா?

நாலுக்கு மேல இருக்காதா.

இல்ல சார், மாடி வச்ச வீடா இருக்கும். நல்லா சம்பாரிச்ச பையன். மாடி வச்சுத் தான் கட்டியிருப்பான்.